எந்த மசோதாவிலும் பொருந்தாத வரி

டக்கர்ஸ் பிராஞ்ச், கென்டக்கி
செப்டம்பர் 6

அன்புள்ள தம்பி கென்டலுக்கு,

அக்கா ஆர்லீன் எழுதுவது. இங்கே ராய்ஸுக்கு முழங்கால் வலி, எனக்கு அவரால் தலைவலி, மற்றபடி இருவரும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? ஃபோனில் கேட்டால் "ம், ம்" என்கிறாய், பின்னால் யாராவது உன்னைக் கூப்பிடுகிறார்கள். அதனால்தான் கடிதம்.

உன் அத்தான் செய்த காரியம் உன் காதுக்கு வந்திருக்கும். போன மார்ச்சில் எங்கள் வேலிக்கும் பக்கத்து வீட்டு வெர்னா வேலிக்கும் நடுவே எரிவாயு நாற்றம் தாங்க முடியவில்லை. கம்பெனிக்கு ஃபோன் மேல் ஃபோன் போட்டோம். "ஆள் வருவார்" என்றார்கள். யாரும் வரவில்லை. கடைசியில் ராய்ஸ் கட்டரை எடுத்துக்கொண்டு போய், வால்வுக் குழியின் பூட்டை வெட்டி, வால்வை மூடிவிட்டார். அதற்குப் பிறகு கம்பெனிக்காரன் வந்த வேகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். கூடவே ஷெரீஃப். குழாயை ஒட்டுப்போட்டார்கள், ராய்ஸைக் கோர்ட்டில் நிறுத்தினார்கள். நீதிபதிக்கும் இந்தப் பள்ளத்தாக்குதான் ஊர், ஆகையால் திட்டி அனுப்பிவிட்டார்.

இப்போது வாஷிங்டனில் ஒரு குற்ற மசோதா வருகிறதாம். குழாயிலோ வால்விலோ கை வைத்தால் இருபது வருடம் ஜெயில். ஒட்டுப்போட்ட இடத்தில் மறுபடி லேசாக நாற்றம் வருகிறது கென்டல். அடுத்த தடவை ராய்ஸ் என்ன செய்வார்? கையைக் கட்டிக்கொண்டு நிற்பாரா, இல்லை சாகிறவரை ஜெயிலில் கிடப்பாரா?

நம் தொகுதி உறுப்பினர் டிஷ்மன் ஒரு திருத்தம் கொண்டுவருகிறேன் என்கிறார். ஒரே ஒரு வரி: "உயிருக்கு ஆபத்து என்று உண்மையாக நம்பி, கசிவை நிறுத்துவதற்காக வால்வை மூடுகிறவர் மீது குற்றமில்லை." அதை விடுவதா வேண்டாமா என்பது உங்கள் குழுவின் கையில் இருக்கிறதாம். நீ அங்கே பன்னிரண்டு வருடமாக வேலை பார்க்கிறாய். பார்த்துச் செய்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

உன் அக்கா
ஆர்லீன்

வாஷிங்டன்
செப்டம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அத்தானின் முழங்காலுக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். சாப்பாடு பற்றிக் கேட்டாய். நேற்று இரவு சாப்பிட்டது வேர்க்கடலையும் காப்பியும்.

முதலில் எங்கள் குழு என்ன செய்கிறது என்று சொல்கிறேன். நாங்கள் சட்டம் எழுதுவதில்லை. ஒரு மசோதா சபைக்கு வரும்போது அதைப் பற்றி யார் பேசலாம், எவ்வளவு நேரம் பேசலாம், எதை மாற்றலாம், எதைத் தொடவே கூடாது என்று விதி போடுகிறவர்கள் நாங்கள். சமையல் வேறு யாரோ செய்வார்கள். பந்தியில் யாரை உட்காரவைப்பது, யாரை வாசலோடு அனுப்புவது என்பது எங்கள் வேலை. மாடியில் ஒரு சின்ன அறை. நாலு பேர் நாற்காலியை நகர்த்தினால் ஐந்தாவது ஆள் வெளியே போக வேண்டும். நாட்டின் பேச்சு முழுவதும் அந்த அறையில்தான் அளந்து கொடுக்கப்படுகிறது.

இந்தத் தடவை குற்ற மசோதா ஒன்று, எரிசக்தி மசோதா ஒன்று. டிஷ்மனின் வரியை நான் பார்த்தேன். நல்ல வரி. அதைக் குற்ற மசோதாவின் ஆட்களிடம் காட்டினேன். "இது கேஸ் குழாய் சமாச்சாரம்ப்பா. எரிசக்திக்காரங்ககிட்ட போ" என்றார்கள். எரிசக்திக்காரர்களிடம் போனேன். "யாரு மேல குற்றம், யாரு மேல இல்லங்கறது எங்க வேலை இல்லையே. குற்ற மசோதாவுல போடச் சொல்லு" என்றார்கள். இரண்டு அலுவலகமும் ஒரே நடைவழியில்தான் இருக்கின்றன அக்கா. நடந்து நடந்து என் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம். எங்கள் தலைவரோ இதையெல்லாம் படிக்கவே மாட்டார். அந்த வாரம் டிவியில் எந்த டை கட்டலாம் என்பதுதான் அவருக்கு யோசனை. சில நாட்களில் வேலை முடிந்து வெளியே வரும்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல் இருக்கிறது.

இருந்தாலும் விடமாட்டேன். வெர்னாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புத் தம்பி
கென்டல்

டக்கர்ஸ் பிராஞ்ச்
செப்டம்பர் 28

அன்புள்ள கென்டலுக்கு,

களிம்பு வந்தது. ராய்ஸ் பூசிக்கொண்டு வீடு முழுவதும் கற்பூர வாசனையோடு திரிகிறார். நீ வேர்க்கடலை தின்று உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் கடிதத்தை வெர்னாவிடம் படித்துக் காட்டினேன். அவள் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கூட்டுச் சாப்பாடு. பீன்ஸும் சோளரொட்டியும் பரிமாறி முடிந்ததும் இவள் எழுந்து நின்று, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, டை சமாச்சாரத்தை அப்படியே எல்லோருக்கும் படித்தாள்! போதகரே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

படித்து முடித்து அவள் சொன்னாள்: "நம்ம வரிய ரெண்டு வீட்லயும் சேக்க மாட்டேங்கறாங்க பாருங்க. குளிர்ல நிக்கிற பூனைக்குட்டிய கூட நான் அப்படி விடமாட்டேன். ஆர்லீன், ஒன் தம்பிகிட்ட சொல்லு, அந்தத் தலைவருக்கு நான் ஒரு டை தெச்சுத் தர்றேன். கழுத்த நல்லா இறுக்கிப் பிடிக்கிற மாதிரி!"

டிஷ்மனின் உள்ளூர் அலுவலகத்துப் பையன் ஒருவன் மூலையில் புட்டிங் தின்றுகொண்டிருந்தான். அவனும் சிரித்தான். ஆகவே நம் பக்கம்தான் என்று நினைக்கிறேன்.

நாற்றம் மழை நாட்களில் அதிகமாக வருகிறது. ஃபோன் போட்டோம். ஆள் வருவாராம்.

உன் அக்கா
ஆர்லீன்

வாஷிங்டன்
அக்டோபர் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கே அனைவரும் நலம் என நம்புகிறேன்.

இனி என் கடிதங்களை யாருக்கும் படித்துக் காட்ட வேண்டாம். சர்ச்சில் படித்தது டிஷ்மன் அலுவலகம் வழியாக இங்கே வந்து சேர்ந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டுப் பேசினார்கள். வேலை போகவில்லை. அதற்கு மேல் எழுத விரும்பவில்லை.

வரும் செவ்வாய்க்கிழமை டிஷ்மன் குழுவின் முன் வந்து தன் திருத்தத்தைப் பற்றிப் பேசுவார். அது ஒளிபரப்பாகும். பார்க்கலாம்.

குளிர் தொடங்கியிருக்கும். கவனமாக இருக்கவும்.

அன்புடன்
கென்டல்

டக்கர்ஸ் பிராஞ்ச்
அக்டோபர் 25

அன்புள்ள கென்டலுக்கு,

உன்னை மாட்டிவிட்டதற்கு வெர்னா மூன்று நாள் சோறு இறங்காமல் இருந்தாள். நானும்தான். மன்னித்துக்கொள். இனி உன் கடிதம் என் தலையணை உறையைத் தாண்டாது. ஆனால் தம்பி, என்னிடமும் அரசாங்க நோட்டீஸ் மாதிரி எழுதாதே.

செவ்வாய்க்கிழமை வெர்னா பின்னல் வேலையைத் தூக்கிக்கொண்டு காலையிலேயே வந்துவிட்டாள். டிஷ்மன் உட்கார்ந்தார். வாய்ப்புக் கொடுத்ததற்குத் தலைவருக்கு நன்றி, தலைவரின் தலைமைக்கு நன்றி, குழுவின் கடின உழைப்புக்கு நன்றி. ராய்ஸின் பெயரைத் தப்பாகச் சொன்னார். மூன்று நிமிஷம் பேசியிருப்பார். தலைவர், "நல்லாப் பேசினீங்க. உங்க அக்கறைய நாங்க மதிக்கிறோம்" என்றார். டிஷ்மன் மறுபடி நன்றி சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அப்புறம் குற்ற மசோதாவுக்காரர், இது எரிசக்தியில் பொருந்தும் என்றார். எரிசக்திக்காரர், இது குற்றத்தில் பொருந்தும் என்றார். அவர்களில் யாருக்கும் முகம் கூடச் சிவக்கவில்லை.

"அந்த ஆளு நன்றி சொல்லத்தான் அவ்ளோ தூரம் போனாரா?" என்று வெர்னா கேட்டாள். ராய்ஸ் எழுந்து போய் விறகு பிளந்தார். விறகு ஏற்கெனவே கூரை உயரத்துக்குக் கிடக்கிறது.

முடிவு என்ன ஆயிற்று? வெர்னாவுக்குத் தூக்கம் வந்து, நாங்கள் அணைத்துவிட்டோம். அந்தப் பின் வரிசையில் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தது நீதானே? மெலிந்துவிட்டாய்.

உன் அக்கா
ஆர்லீன்

வாஷிங்டன்
நவம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். வேலை அதிகமாக இருந்ததால் பதில் தாமதம்.

திருத்தம் அனுமதிக்கப்படவில்லை. இரண்டு மசோதாக்களும் மூடிய விதியின் கீழ் சபைக்கு வருகின்றன. அதாவது ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரப் பேச்சு, எழுத்துக்கூட மாற்றக் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விதி.

அத்தானிடம் மனதைத் தளரவிட வேண்டாம் என்று சொல்லவும். மற்றதை நேரில் வரும்போது பேசலாம். முழங்கால் எப்படி இருக்கிறது?

அன்புடன்
கென்டல்

டக்கர்ஸ் பிராஞ்ச்
நவம்பர் 24

கென்டலுக்கு,

முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. நீ அதைத் தவிர வேறு எதையும் கேட்கமாட்டாய் போலிருக்கிறது.

சபையில் உங்கள் விதியை ஒரு பெண் படித்தாள். பாவம், மூச்சு விடாமல் படித்தாள். இந்த மசோதா மீது எந்த ஆட்சேபமும் எழுப்பக் கூடாது, அந்த மசோதா மீது எந்த ஆட்சேபமும் எழுப்பக் கூடாது. கடைசியில் ஒரு வரி வந்தது. ஓட்டுப் போட்டு முடிந்ததும் எரிசக்தி மசோதாவைக் குற்ற மசோதாவின் வாலில் சேர்த்து, ஒரே மசோதாவாகத் தைத்து அனுப்ப வேண்டுமாம்.

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. வெர்னாவுக்கு உடனே புரிந்துவிட்டது. பின்னல் ஊசியை அப்படியே நிறுத்தினாள். "அடப் பாவிங்களா! ரெண்டுக்கும் ஒட்டே இல்ல, உறவே இல்லன்னு நம்மள விரட்டிட்டு, இப்ப ரெண்டுக்கும் கல்யாணம் பண்ணி வெக்கிறானுங்களே! தாலியக் கட்ட ஓடி வந்தவங்க, நம்ம புள்ளய மட்டும் மண்டபத்துக்குள்ள விடமாட்டாங்களாம். த்தூ!" என்றாள். நிஜமாகவே துப்பினாள், கைக்குட்டையில்.

அதோடு விட்டதா? விதிக்கு ஓட்டெடுத்தார்கள். டிஷ்மன் ஆதரவாக ஓட்டுப் போட்டார்! தன் திருத்தத்தை வாசலில் நிறுத்திய அதே விதிக்கு, தன் கையாலேயே. நான் அவர் அலுவலகத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டேன். அந்தப் புட்டிங் பையன்தான் எடுத்தான். "மேடம், விதிக்கு சொந்தக் கட்சிக்காரங்க யாரும் எதிரா போடமாட்டாங்க. அது வழக்கம்" என்றான், வானிலை சொல்கிற மாதிரி. நான் ஃபோனை வைத்துவிட்டேன். அந்தச் சின்ன அறையின் நாற்றத்தை விட எங்கள் குழியின் நாற்றம் எவ்வளவோ மேல்.

மசோதா நிறைவேறிவிட்டது என்று ரேடியோவில் சொன்னார்கள். மறுநாளே கம்பெனிக்காரன் குழிக்குப் புதுப் பூட்டுப் போட்டு, சிவப்பு எழுத்தில் ஒரு பலகையும் மாட்டிவிட்டுப் போனான்: தொட்டால் இருபது ஆண்டுச் சிறை. பூட்டுப் போட மட்டும் ஆள் வந்துவிட்டான் பார். ராய்ஸ் அந்தப் பலகையின் முன் போய் நின்று படித்துவிட்டு வந்தார். வந்து கட்டரைக் கொட்டகையின் பரணில் போட்டுவிட்டார்.

எனக்கு ஒன்று மட்டும் சொல். இது எப்போதிலிருந்து சட்டம்? செனட் என்று ஒன்று இருக்கிறதே, அங்கே போக வேண்டாமா, இல்லை அதுவும் முடிந்துவிட்டதா? நீங்கள் எதை எப்போது முடிக்கிறீர்கள் என்று யாருக்குத் தெரிகிறது! ராய்ஸ் தினமும் கேட்கிறார். ஒரு வரி போதும்.

ஆர்லீன்

வாஷிங்டன்
டிசம்பர் 19

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். உங்கள் இருவருக்கும் ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறேன், வெர்னாவுக்கு நல்ல கம்பளி நூல். அளவு சரியில்லையென்றால் கடையில் மாற்றிக்கொள்ளலாம், ரசீது உள்ளே இருக்கிறது.

சபை விடுமுறைக்கு முன் வேலை முடியாது போலிருக்கிறது. இந்த வருடமும் வர முடியவில்லை. ஈஸ்டருக்குக் கட்டாயம் வருகிறேன்.

இந்த வருடம் கடுங்குளிர் என்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளவும்.

அன்புடன்
கென்டல்

டக்கர்ஸ் பிராஞ்ச்
ஜனவரி 17

கென்டல்,

வெர்னா போய்விட்டாள். வியாழக்கிழமை அடக்கம் செய்தோம்.

திங்கட்கிழமை மண் உறைந்து கிடந்தது. சாயங்காலம் கதவைத் திறந்ததும் நாற்றம் முகத்தில் அடித்தது. இதுவரை அப்படி அடித்ததில்லை. ராய்ஸ் கம்பெனிக்கு ஃபோன் போட்டார். ஆள் கிளம்பிவிட்டார் என்றார்கள். தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டோம். பனியில் மலைச் சாலையைத் தாண்டி அவர்கள் வர வேண்டும். ராய்ஸ் பரணிலிருந்து கட்டரை எடுத்துக்கொண்டு குழிக்குப் போனார். போய் நின்றார். நான் ஜன்னலிலிருந்து பார்த்தேன். கட்டரைப் பூட்டில் வைப்பார், எடுப்பார், பலகையைப் பார்ப்பார். சாலைப் பக்கம் விளக்கு ஏதாவது தெரிகிறதா என்று பார்ப்பார்.

நான் போய் வெர்னாவின் கதவைத் தட்டி, உடனே வெளியே வா என்றேன். கதவைத் திறந்து, "இந்தக் குளிர்லயா? இரு, கோட்ட எடுத்துட்டு வர்றேன். ஒன் புருஷன் அங்க என்னடி பண்றான், பூட்டுக்கு முத்தம் குடுக்கிறானா?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் உள்ளே போனாள். "விளக்கப் போடாதே" என்று கத்தினேன். பழக்கம்தானே, கை தானாக ஸ்விட்சுக்குப் போயிருக்கும். நான் அவள் வாசல் படியிலிருந்து தூக்கி எறியப்பட்டேன். எனக்குத் தோளில் மட்டும்தான் காயம்.

வெடித்த பிறகுதான் ராய்ஸ் பூட்டை வெட்டினார். மூடினார். நெருப்பு எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அன்றிலிருந்து அவர் பேசவில்லை. சூப் வைத்தால் ஆறிப்போகிறது.

கம்பெனிக்காரன் வந்து, வெட்டின பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு போனான். வீடு இருந்த இடத்தைப் படம் எடுத்தானா என்று நான் பார்க்கவில்லை. கென்டல், எனக்குப் பயமாக இருக்கிறது. ராய்ஸைக் கொண்டுபோய்விடுவார்களா? அந்த இருபது வருடம் இவருக்கு உண்டா? நாங்கள் வக்கீல் பிடிக்க வேண்டுமா? இந்த ஒரு தடவையாவது பதில் எழுது.

ஆர்லீன்

வாஷிங்டன்
ஜனவரி 20

அக்கா,

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. ஃபோன் போட்டேன், லைன் கிடைக்கவில்லை. இன்றைக்கே அவசரத் தபாலில் போடுகிறேன். வெர்னாவைப் பற்றி எழுதக் கை வரவில்லை.

முதலில் நீ பயப்படாதே. அத்தானை யாரும் தொட முடியாது. அது சட்டமே இல்லை. சபையில் மட்டும்தான் நிறைவேறியது. செனட்டில் அதை யாரும் எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டார்கள். அதைக் கொண்டுவந்ததே தேர்தல் விளம்பரத்தில் காட்டுவதற்குத்தான். மசோதா வெறும் ஓட்டுக் கணக்கு என்று செப்டம்பரிலேயே இங்கே எல்லோருக்கும் தெரியும், வாசலில் நிற்கிற காவலாளிக்குக் கூடத் தெரியும். கம்பெனி மாட்டிய பலகைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. வேண்டுமானால் அவர்கள் மேலேயே வழக்குப் போடலாம். பழைய உள்ளூர்ச் சட்டப்படி அதிகமாகப் போனால் ஒரு சின்ன அபராதம், இந்த நிலைமையில் அதுவும் போடமாட்டார்கள்.

ஆகவே அத்தானிடம் உடனே சொல். அவர் மனம் லேசாகட்டும். சர்ச் விஷயத்துக்குப் பிறகு நான் எதையும் காகிதத்தில் எழுதப் பயந்துபோயிருந்தேன். நீ புரிந்துகொள்வாய். நான் புறப்பட்டு வரட்டுமா?

கென்டல்

டக்கர்ஸ் பிராஞ்ச்
பிப்ரவரி 2

கென்டல்,

உன் கடிதம் மூன்றே நாளில் வந்து சேர்ந்தது. உன்னால் முடியும் என்று இப்போது தெரிகிறது.

நான் சமையலறையில் நின்று படித்தேன். ராய்ஸ் எதிரே உட்கார்ந்திருந்தார். "என்ன எழுதியிருக்கான்?" என்று கேட்டார். வெர்னா போன பிறகு அவர் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. நான் சொன்னேன், "பெரிய சட்டம்தான், ஆனா நீங்க உயிரக் காப்பாத்தத்தான் வெட்டுனீங்கன்னு விட்டுடுவாங்களாம்." அவர் தலையை ஆட்டினார். "இருபது வருசம்னு எழுதியிருந்துச்சு ஆர்லீன். அதான் நின்னுட்டேன்" என்றார். பிறகு சூப்பைக் குடித்தார்.

அவர் அந்தக் குளிரில் கட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றது ஒரு சட்டத்துக்குப் பயந்து. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்த நினைப்பில்தான் இப்போது சூப் இறங்குகிறது. அது ஒன்றுமே இல்லாத ஒரு காகிதம், உங்கள் காவலாளிக்குக் கூடத் தெரியும் என்று தெரிந்தால், அவர் மறுபடி வாய் திறக்கமாட்டார். எனக்கு அது நிச்சயம்.

டிஷ்மனை நினைத்தாலோ உங்கள் தலைவரை நினைத்தாலோ வருகிற அருவருப்பு, எச்சில் துப்பினால் போய்விடும். உன்னை நினைத்தால் வருவது போகமாட்டேன் என்கிறது. நவம்பரில் நான் உன்னைக் கேட்டேன். நீ ஸ்வெட்டர் அனுப்பினாய்.

வா. வராதே என்று சொல்லமாட்டேன், நீ என் தம்பி. உன் அறை தயாராக இருக்கும். வெர்னா வீட்டுப் பக்கம் ஜன்னலை மட்டும் நான் அட்டை வைத்து மூடிவிட்டேன். வந்ததும் ராய்ஸ் உன்னைக் கேட்பார். உன் கண்ணைப் பார்த்து, அது நிஜமாகவே சட்டம்தானா என்று கேட்பார்.

ஆமாம் என்று சொல்.

ஆர்லீன்